லைன் கிளியர்

என் கணவர் தேவஇரக்கத்துக்குப் பதில் தெரியாத கேள்வி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். 'தண்ணி மோட்டாரை அணைச்சீங்களா?' மற்றபடி, பேரண்டம் ஏன் இருக்கிறது, பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் வரும்போது கடவுள் எங்கே போனார், மூன்று பேர் எப்படி ஒருவராக முடியும், மற்ற மதக்காரர்கள் எல்லாம் நரகத்துக்கா, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலை. விசுவாசத்துக்காக வாதாடுவது அவருடைய மூச்சு. நான் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். எனக்குக் கம்பி அறுந்தால் இழுத்துக் கட்டத் தெரியும், அவ்வளவுதான்.

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலை மாடியில் அவர் கூட்டம் நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கிறவர்கள் தங்கள் கைபேசியில் யார் பக்கம் என்று அழுத்த அழுத்த, சுவரில் சதவீதம் ஏறி இறங்கும். தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் பகலவன், மூளை நரம்பு மருத்துவர். மூன்று தலைமுறையாகக் கடவுள் மறுப்புக் குடும்பம். இன்னொருவர் மொய்தீன் பாய், மேலப்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர், ஐந்து வேளையும் தொழுகிறவர். மூன்று பேரும் மேடையில் ஒருவரையொருவர் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, கீழே இறங்கி ஒரே தட்டில் உளுந்தவடையைப் பிய்த்துத் தின்பார்கள்.

வினை அந்த மேடையில்தான் ஆரம்பித்தது. ஜனவரி மாதக் கூட்டத்தில் பகலவன் எழுந்து நின்றார்.

"சார், ஆண்டவர் கூடவே இருக்கிறதை உணர்றேன்னு அடிக்கடி சொல்றீங்க. யாரோ பக்கத்துல இருக்கிற அந்த உணர்வு மூளையில எந்த இடத்துல உண்டாகுதுன்னு எனக்குத் தெரியும். என்னால அதை அணைக்க முடியும்."

"அணைச்சுக்கோங்க டாக்டர். வீட்டுல ரேடியோவ அணைச்சா, அங்க வானொலி நிலையத்த இழுத்து மூடிட்டான்னு அர்த்தமா?"

கைதட்டல் எழுந்தது. சுவரில் எங்கள் பக்கம் அறுபதைத் தாண்டியது. பகலவன் அசரவில்லை.

"நல்ல பதில். அப்ப அணைச்சே பாத்துடலாமா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவரிடம் ஒரு வில்லை இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எப்போதும் யாரோ நிற்கிறார்கள் என்று பயந்து பயந்தே சாகிற நோயாளிகளுக்காகச் செய்தது. வில்லை வேலை செய்கிறவரை பின்னால் யாரும் நிற்பதில்லை. நாற்பத்தைந்து நாளுக்குள் அணைத்துவிட்டால் சில மணி நேரத்தில் பழைய உணர்வு திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் மூளை அந்தப் பழக்கத்தையே மறந்துவிடலாம். நோயாளிக்கு அதுதான் குணம்.

"உணர்வு போனதும் உங்க நம்பிக்கை என்ன ஆகுதுன்னு பாக்கணும் சார். ஒண்ணும் ஆகலன்னா, இதே மேடையில எழுந்து நின்னு ஒத்துக்கறேன்."

மொய்தீன் பாய் இருக்கையைவிட்டு எழுந்தார். "சார், இது வேண்டாம். தொழுகையில நிக்கும்போது மனசு அங்க நிக்கலன்னா நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்கு இருக்கு. இருக்கிறத அணைச்சுப் பாக்காதீங்க."

"பாய், விசுவாசம்ங்கது உணர்ச்சி இல்ல. இத நான் முப்பது வருஷமா வாலிபர் கூட்டத்துல சொல்லிட்டு வாரேன். சொன்னதுக்கு நான் நிக்கண்டாமா?"

எங்கள் சபைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஒரு வாக்கியத்தைப் பீடத்தில் நின்று பத்துத் தடவை சொல்லிவிட்டால் போதும், அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில், அவருடைய அம்மா செத்துப்போன மறுநாள், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்ததாம். அதற்குப் பிறகு அந்த ஆள் எழுந்து போகவே இல்லை. சத்தம் கிடையாது, உருவம் கிடையாது. 'சும்மா இருக்காரு பியூலா, அவ்வளவுதான்' என்றார். எனக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், காணிக்கை போடுவேன், பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுவேன். அவருக்கு இருந்ததால் எனக்கும் சேர்த்துப் போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆள் பக்கத்தில் இருந்ததால் அவர் வாதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எதிராளியை வீழ்த்தும் சொல் நாக்கு நுனிவரை வந்துவிடும். அப்போது சட்டென்று நிறுத்திவிடுவார். முகம் லேசாகச் சிவக்கும். பிறகு அதைவிட மொண்ணையான ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். 'ஏன் அத சொல்லல?' என்று கேட்டால், 'சொல்ல முடியல, பக்கத்துல ஆள் இருக்காருல்லா' என்பார். இதனாலேயே அவர் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறார்.

ஆய்வுக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டோம். பத்துப் பக்கம். நாற்பது நாள் என்று தீர்மானித்தது அவர்தான். ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்த கணக்கு. இன்னொரு வரியையும் அவரே சேர்க்கச் சொன்னார். 'நாற்பதாம் நாள் நான் மாட்டேன் என்று மறுத்தாலும் என் மனைவி கையெழுத்திட்டால் வில்லையை எடுத்துவிடலாம்.' "ஒருவேள எனக்குப் புத்தி பிசகிருச்சுன்னா, நீ என்ன இழுத்துட்டு வரணும்" என்று சிரித்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற லைன்மேன்களைத் தினமும் திட்டுகிற நான், பத்துப் பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் படித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வில்லையை வைத்தார்கள். அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டோம். அவர் வாயைத் திறந்து 'பரலோகத்திலிருக்கிற எங்கள் தகப்பனே' என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். ஆளில்லாத இடத்தைத்தான் பார்த்தார்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. வேல செய்யுது" என்றார்.

முதல் பத்து நாள் அவர் வீட்டுக்குள் நிலைகொள்ளாமல் நடந்தார். ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து மாடி. எதையோ வைத்த இடம் மறந்து தேடுகிற ஆள் மாதிரி. 'உணர்வு எவ்வளவு இருக்கிறது, பத்துக்கு எத்தனை' என்று தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தினமும் பூஜ்யம் எழுதினார். ஆனாலும் ஜெபத்தை விடவில்லை, வேதம் வாசிப்பதை விடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. சொன்ன சொல்லுக்கு நிற்கிறார் மனுஷன் என்று நினைத்தேன்.

பிறகு நடை நின்றது. நான் நிம்மதியானேன். அதுதான் என் மடத்தனம்.

அவருடைய ஜெபம் அழகாகிவிட்டது. முன்பெல்லாம் பாதியில் நின்று, தயங்கி, வெகுநேரம் சும்மா இருந்து, திரும்பத் தொடங்குவார். எனக்கு முழங்கால் வலிக்கும். இப்போது ஒரு தடங்கலும் இல்லை, அச்சில் வார்த்தது போல ஏழு நிமிடம். எங்கள் வட்டாரச் சபைகளின் சேகரச் செயலாளர் லாசர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, அடுத்த மாசக் கன்வென்ஷன் கூட்டத்துல நீங்கதான் கடைசி நாள் பேசணும். சென்னைலேருந்து பெரிய நாத்திக ஆளு ஒருத்தர் வாராரு. இப்ப உங்களுக்கு இருக்கிற தெளிவுக்கு அவர ஊதித் தள்ளிருவீங்க."

ஊதித் தள்ளுகிறதை அதற்கு முன்பே, இருபத்தாறாம் நாள் வந்த மூன்றாம் சனிக்கிழமையில், பார்த்துவிட்டேன்.

அன்றைய தலைப்பு துன்பம். மொய்தீன் பாய் அமைதியாகப் பேசினார். கொடுத்தவன் எடுத்துக்கொள்கிறான், அடியானுக்குப் பொறுமைதான் வழி, அதற்கான கூலி அவனிடம் இருக்கிறது என்றார். என் கணவர் எழுந்தார். குரலில் நடுக்கம் இல்லை.

"பொறுமைன்னு சொல்லுதீங்க பாய். உங்க மக ஆயிஷா இறந்துபோன மாசம், நீங்க துஆவுக்குக் கையேந்தினீங்களா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது வயது ஆயிஷா டெங்குவில் போனாள். அதற்கு ஒரு மாதம் கழித்து மொய்தீன் பாய் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, 'கையேந்த முடியல சார், கை மேல வரமாட்டேங்குது, இத யார்ட்டயும் சொல்ல முடியல' என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கு என் கணவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார்.

"ஏந்தல, அப்படித்தான? அப்ப உங்க விளக்கம் உங்களுக்கே போதலயே பாய். உங்களுக்கே போதாத ஒண்ண எங்களுக்கு ஏன் தாரீங்க? சிலுவையில மகன் சாகதப் பாத்துட்டு நின்ன ஒரு தகப்பன நான் காட்டுதேன். அவர்ட்ட வாங்க. அங்க அழலாம்."

பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. சுவரில் தொண்ணூற்றொன்று. அவர் சொன்னதில் ஒரு வரி பிழை கிடையாது. நான் சிறுவயதிலிருந்து நம்புகிற சுவிசேஷம்தான் அது. அதைக் கேட்டு எனக்கு வாந்தி வந்தது.

மொய்தீன் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "வாரேன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வடைத் தட்டு அப்படியே இருந்தது. பகலவன்கூடத் தன் தேநீரைத் தொடவில்லை.

"ஏன் அத்தான் அப்படிப் பேசுனீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"உண்மைதான சொன்னேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடின்னா சொல்லிருக்க மாட்டேன். வில்ல இருக்குல்லா, அதான் தடங்கல் இல்லாம வருது" என்று கவலையே இல்லாமல் சொன்னார். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். இது அவரில்லை, அந்தப் பொத்தான். இன்னும் பதினாலு நாள். எடுத்துவிட்டால் என் புருஷன் திரும்பி வந்துவிடுவார்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "நாளன்னைக்கு சனிக்கிழமை. பத்து மணிக்கு டாக்டர் வரச்சொல்லிருக்காரு."

"நான் வரல பியூலா."

கரண்டி மாவுக்குள் நின்றது.

"எனக்கு இப்ப என்ன கொற? நல்லா தூங்குதேன். பேச்சு முன்னயவிட நல்லா வருது. விசுவாசப் பிரமாணத்துல ஒரு வரியக்கூட நான் விடல. எல்லாத்தையும் நம்புதேன். முன்னயவிடத் தெளிவா நம்புதேன்."

"ஜெபத்துல யார்ட்ட பேசுதீங்க?"

"பிதாகிட்ட."

"கேக்காரா?"

"கேக்காருன்னு எழுதிருக்கு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீங்க வரலன்னாலும் என் கையெழுத்து போதும். நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"போடு" என்றார் அமைதியாக. "அதுக்குப் பேரு என்னன்னு தெரிஞ்சுட்டுப் போடு. கட்டாய மதமாற்றம். சம்மதமில்லாத ஒருத்தனோட மூளைய மாத்தி, அவனக் கொண்டுபோய்க் கடவுள் முன்னால நிறுத்துதது. முப்பது வருஷமா எல்லா மேடையிலயும் நம்மளப் பாத்து அதத்தான் கேட்டாங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லன்னு நான் தொண்ட கிழியச் சொன்னேன். இப்ப நீ என் வீட்டுலயே அதச் செய்யப்போறியா?"

"எழுதிக் குடுத்தது நீங்கதான அத்தான்!"

"அது வேற ஆளு. அவர் இப்ப இல்ல. இருக்கவன்ட்ட கேளு."

தோசை கருகிவிட்டது. அழுதுகொண்டே அலுவலகம் போனேன். அவர் சொன்னதில் ஓட்டை தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆண்டவரே தானாக வா என்றுதான் கூப்பிட்டார், யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால்? நாற்பத்தைந்து நாள் தாண்டிவிடும். பக்கத்தில் இருந்த ஆளை அவர் மூளை மறந்தே போகும். இந்தத் தெளிவான, அழகான, தடங்கலில்லாத மனுஷனோடு மீதி வாழ்நாளையெல்லாம் நான் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிருஷ்ணாபுரத்துக்கு மின்சாரம் போகும் ஃபீடர் லைனில் வேலை நடந்தது. கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் 'லைன் கிளியர்' என்ற அனுமதித் தாளை வாங்க வேண்டும். துணைமின் நிலையத்தில் சுவிட்ச்சை அணைத்துப் பூட்டிய பிறகுதான் அந்தத் தாளைக் கொடுப்போம். வேலை முடிந்து, வாங்கிய அதே ஆள் வந்து திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி மின்சாரம். அன்றைக்கு வாங்கினவர் லைன்மேன் கணேசன். மத்தியானம் இரண்டு மணியாகியும் ஆளைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. ஊரே திரண்டு வந்து கத்தியது. ஒரு ஐஸ் கம்பெனிக்காரர் என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். என் ஃபோர்மேனே, "மேடம், வேல முடிஞ்சிருக்கும், போட்டுருவோம்" என்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றரைக்குக் கணேசன் வந்தார், கம்பத்தில்தான் இருந்திருக்கிறார், போன் கீழே பையில். வியர்வை வழிய அவர் தாளை நீட்டிய பிறகுதான் சாவியை எடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் ஆய்வுத் தாளை அவர் முன்னால் வைத்தேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். லைன் கிளியர் வாங்கினது நீங்க. வாங்கின ஆள்தான் திருப்பிக் குடுக்கணும். கம்பத்துல ஆள் நிக்கும்போது நான் சுவிட்ச்சப் போட்டா அதுக்குப் பேரு கொல. வாரதுன்னா வாங்க, இல்லன்னா இப்படியே இருங்க."

"நல்ல உவமை" என்று சொல்லிவிட்டு வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திருப்பினார். தோசைக் கரண்டியை எடுத்து அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார்.

"மனசு மாறிட்டா அத்தான்?"

"இல்ல. எனக்கு இது வேணும்னே தோணல. ஆனா வாக்கு குடுத்தாச்சுல்லா. போய்ட்டு வந்துருவோம்."

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பகலவன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். இந்த ஆய்வுல நடுவுல ஒரு நாள் வில்லையைத் தூரத்துல இருந்தே அணைச்சிடுவாங்க. எந்த நாள்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்னையில ஒரு சக ஆய்வாளர்தான் முடிவு பண்ணுவார். ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

"அணைச்சா?"

"சில மணி நேரத்துல உணர்வு திரும்பணும். நோட்டுல பூஜ்யம் மாறி எட்டோ ஒன்பதோ வரணும். இதுவரைக்கும் இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் திரும்பிச்சு. அப்படித் திரும்பினாத்தான் இது மூளையோட வேலைன்னு நான் நிரூபிக்க முடியும்."

"எங்க வீட்டுக்காரருக்கு எந்த நாள் அணைச்சாங்க?"

"பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்தெட்டு நாளா அந்த வில்லை வெறும் பிளாஸ்டிக் மேடம். அவர் பூஜ்யம் பூஜ்யம்னே எழுதியிருக்கார். ஏன்னு எனக்குப் புரியல. மூளையில எந்தத் தடையும் இல்ல, நான் படம் எடுத்துப் பாத்துட்டேன். என் கணக்கும் பொய்யாப் போச்சு, அவரோட ரேடியோக் கணக்கும் பொய்யாப் போச்சு."

"அவர் ஜெயிச்சுட்டு இருந்தாரு டாக்டர்" என்றேன். அது தானாக என் வாயில் வந்தது. "ஜெயிச்சுட்டு இருக்கிறவங்களுக்குப் பக்கத்துல ஆள் எதுக்கு?"

"இல்ல, பக்கத்துல யாருமே என்னைக்கும் இருந்ததில்லைன்னும் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்லணும். ஆனா ரிப்போர்ட்ல எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்குது" என்றார். இன்றைக்கே என் கணவரிடம் சொல்லியாக வேண்டும் என்றும், ஆய்வின் விதி அப்படி என்றும் சொன்னார். நான் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

திரும்பும்போது ஓட்டுநரில்லாத ஆட்டோவில் ஏறினோம். அவர் காதுக்குப் பின்னால் சின்னப் பஞ்சு. கொஞ்ச தூரம் போனதும் மணி பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார்.

"எவ்வளவு நேரத்துல வரும்னாரு?"

"சில மணி நேரம்."

"ஒரு மணி நேரம் ஆயிட்டு." கையைத் தொடையில் தேய்த்தார். இத்தனை நாள் எதுவும் வேண்டாம் என்றிருந்தவர் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். வேண்டாதது வராமலே போனால் என்ன செய்ய என்று இப்போதுதான் உறைத்திருக்கிறது. "வரலயே பியூலா. நாப்பது நாள் கூடிப்போச்சோ? அந்த மெஷின் கெடுத்துட்டோ என்ன? டாக்டர் சொன்ன கணக்கு தப்போ?"

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மெஷின்தான் கெடுத்தது என்று அவர் நம்பினால் வீடு ஒழுங்காக ஓடும். கன்வென்ஷன் மேடையில் எழுந்து 'விஞ்ஞானம் என் ஆண்டவரைத் திருடியது' என்று சாட்சி சொன்னால் சபையே அழும். ஆனால் முப்பது வருஷம் ஒரு வாதக்காரரோடு குடும்பம் நடத்தியவள் நான். பொய்யான வாதம் எது என்று எனக்குத் தெரியும்.

"அத்தான். அந்த வில்லைய பன்னிரண்டாம் நாளே அணைச்சுட்டாங்களாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் வந்தது, நீளமான சரக்கு ரயில். அது போய் முடிகிறவரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இருபத்தெட்டு நாளா ஆண்டவர் வாசல்லயா நின்னாரு?" என்றார்.

யாருமே நிற்கவில்லை என்றும் சொல்லலாமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"மொய்தீன் பாய் கூட்டம் எத்தனையாவது நாள்?"

"இருபத்தாறு."

அவர் விரல் விட்டு எண்ணினார், இயற்பியல் பேராசிரியர், பன்னிரண்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் எவ்வளவு என்று சின்னப்பிள்ளை மாதிரி. எண்ணி முடித்ததும் ஆட்டோவின் திரையில் எங்கள் தெருப் பெயரை அழித்துவிட்டு மேலப்பாளையம் என்று அழுத்தினார்.

மருந்துக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மொய்தீன் பாய் எங்களைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. "என்ன மருந்து வேணும் சார்?" என்று கேட்டார், யாரோ வழிப்போக்கனைக் கேட்பதுபோல.

என் கணவர் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை மேடைகளில் பேசிய வாய். வார்த்தை கோணலாக வந்தது.

"பாய்... அன்னைக்கு நான் பேசினது அந்த மெஷின் செஞ்ச வேலைன்னு நினைச்சிட்டு இருந்தேன். பியூலாவும் அப்படித்தான் நினைச்சா. இல்ல பாய். மெஷின் இல்ல. அது அணைஞ்சு கெடந்திருக்கு. நான்தான். ஆயிஷாவ எடுத்து நான்தான் வீசுனேன்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொய்தீன் பாயின் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அதை உறையில் போட்டு, எந்த வேளைக்கு எத்தனை என்று எழுதி, காத்திருந்த அம்மாளிடம் நீட்டினார்.

"நில்லுங்க சார். இவங்கள அனுப்பிட்டு வாரேன்" என்றார். மன்னித்த குரலா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் கணவர் வெயிலில் நின்றார். அந்த உணர்வு திரும்பியதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.